டிராக்டரின் இழுப்புச் சக்தியும் டிரெய்லரின் பாரமும்

பாலசமுத்திரம் பகுதியில் கரும்பும் நெல்லும் களத்தினின்று ரஸ்தா சேருவது பெரும்பாலும் டிராக்டரின் பின் பூட்டிய டிரெய்லரிலேயாம். எருதுகள் இழுத்த நாளில் பாரம் மிகுந்தால் மாடே நின்றுவிடும். ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ள ஒரு ஜோடிக் காங்கேயம் எருதுகள் தளராது இழுக்கக்கூடியது தம் எடையில் பத்திலொரு பங்கே. டிராக்டரோ அவ்விதம் முன்னெச்சரிக்கை செய்வதில்லை. ஆகையால் மிராசுதார்கள் கணக்கறிந்து பாரம் ஏற்றுதல் அவசியம்.

1. இழுப்புக் கணக்கு: 45 குதிரைச் சக்தியுள்ள டிராக்டரின் எடை 2 டன் என்றும், டிரெய்லர் 1½ டன், கரும்பு 4½ டன் என்றும் கொள்வோம். மொத்தம் 8 டன். காய்ந்த மண்பாதையில் சக்கரம் உருள மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 400 கிலோ இழுப்பு வேண்டும். 20 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றமாயின் மேலும் 400 கிலோ. ஆக 800 கிலோ. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இதற்குச் சுமார் 15 குதிரைச் சக்தியே செலவாகும். ஆதலின் எஞ்சின் போதாமை அரிது.

2. பிடிப்பு: உண்மையான எல்லை பின்சக்கரத்தின் பிடிப்பேயாகும். பின்சக்கரங்களின்மேல் 1,800 கிலோ அழுந்தினால் காய்ந்த தரையில் அதில் பாதி, 900 கிலோ வரை இழுக்கலாம். ஐப்பசி மழையில் ஊறிய சேற்றிலோ பிடிப்பு 540 கிலோவாகக் குறையும். உருளும் தடையோ சமதரையிலேயே 800 கிலோவாக உயரும். பாரத்தைப் பாதியாக்கினும் சக்கரம் சுழலுமேயன்றி வண்டி நகராது. அக்காலத்தில் டிரெய்லரைக் கெட்டித்தரையில் நிறுத்தி, கட்டுகளைத் தலைச்சுமையாய்க் கொணர்வதே உத்தமம்.

3. பாரம் வைக்கும் முறை: இரு சக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குச் சற்று முன்னே மிகுதியாயிருக்கவேண்டும். பின்னே மிகுந்தால் அது டிராக்டரின் பின்புறத்தைத் தூக்கிப் பிடிப்பைக் கெடுக்கும். முன்னே மிகையாயின் டிராக்டரின் முன்சக்கரம் இலேசாகித் திருப்பத்திற்குக் கீழ்ப்படியாது. டிரெய்லரைப் பின்னச்சுக்குத் தாழ்ந்த இழுப்புக் கம்பியிலேயே பூட்டுக. உயரப் பூட்டினால் ஏற்றத்தில் டிராக்டர் முன்புறம் எழும்பி, ஓட்டுபவர்மீதே கவிழக்கூடும்.

4. நிறுத்தும் சக்தி: இழுக்க முடிந்த பாரத்தையெல்லாம் நிறுத்த முடியுமென்று எண்ணலாகாது. இறக்கத்தில் பிரேக் இல்லாத டிரெய்லர் டிராக்டரைத் தள்ளிப் பக்கவாட்டில் மடக்கிவிடும். அத்தகைய டிரெய்லரின் மொத்த எடை டிராக்டரின் எடைக்கு மேற்படாதிருத்தல் நலம். மேற்கண்ட 6 டன் டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இன்றியமையாதது. இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்க. நடுவே கியரை விலக்குதல் பேராபத்து.

பதிவுச் சான்றில் குறித்த எடைக்கு மேல் ஏற்றி ஓட்டுதல் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றமுமாகும். கிராம அதிகாரிகள் அறுவடைக்கு முன் வண்டிப்பாதையின் பள்ளங்களைச் செப்பனிடச் செய்வாராயின், டீசலும் மிஞ்சும், உயிர்ச்சேதமும் தவிரும். ஒரு நடையில் முடிப்பதை இரு நடையாக்குவதால் வரும் செலவு சிறிது. கவிழ்ந்தபின் வரும் நஷ்டம் ஈடு செய்யவொண்ணாதது.