தளர்ந்த இடுப்பும் பொறுத்த கையும்

பிள்ளை, பேராதனையில் மிருக வைத்தியம் படித்துவிட்டு நெல்லியடிக்கே திரும்பி வந்திருக்கிறாய். எனக்கு அது பெரிய ஆறுதல். அல்சேஷனும் லப்ரடோரும் வளர்க்கும் வீடுகள் இங்கே கூடிவிட்டன. பின்கால் தடுமாறும் நாய்கள் உன்னைத் தேடி வரும்.

1. மேசையில் ஏற்றுமுன் நாயை நடக்கவிட்டுப் பார். பின்கால் இரண்டையும் சேர்த்துத் தத்தி ஓடும், படியேறத் தயங்கும் குட்டிக்கு இடுப்பு மூட்டுத் தளர்ந்திருக்கலாம். வயதுபோன அல்சேஷன் நோவே இல்லாமல் காலை இழுத்து, நகம் தேய நடந்தால் முள்ளந்தண்டை நினை. அப்படியொரு நாயின் எக்ஸ்றேயில் இடுப்பும் கெட்டுத்தான் இருந்தது. வீட்டுக்காரர் சத்திரசிகிச்சை செய்யச் சொல்லி மன்றாடினார். நரம்பு கெட்ட நாய்க்கு எலும்பை வெட்டி என்ன பயன்? மறுப்பதற்கும் உனக்குத் துணிவு வேண்டும்.

2. தடுப்பூசிக்கு வரும் பெரிய இனக் குட்டியின் இடுப்பைத் தொட்டுப் பார்க்காமல் அனுப்பாதே. 1937இல் இத்தாலியக் குழந்தை வைத்தியர் ஒர்தொலானி கைக்குழந்தைகளுக்காகச் சொன்ன சோதனை குட்டிகளுக்கும் உதவுகிறது. மயக்கம் கொடுத்துத் தொடையை அழுத்தி மெல்ல விரித்தால், விலகிய எலும்புத் தலை குழிக்குள் விழுவது விரலுக்குத் தெரியும். குறையை அப்போதே கண்டுபிடிக்க வேண்டும்: இடுப்பெலும்பின் முன்பொருத்தில் உள்ள வளர்குருத்தைச் சுட்டு மூடும் சிகிச்சை 20 வாரத்துக்குள் செய்தால்தான் பலன் தரும். இடுப்பெலும்பை வெட்டித் திருப்புவதும் மூட்டுத் தேயுமுன், இளவயதில்தான்.

3. செயற்கை மூட்டுப் பொருத்துவது நல்ல சிகிச்சை. அதற்குப் பெரும் செலவும் தேர்ந்த கையும் வேண்டும். அப்படி ஒன்று உண்டு என்பதையும், உன்னால் அதைச் செய்ய முடியாது என்பதையும் வீட்டுக்காரரிடம் ஒளிக்காதே. தேடிப் போக வசதி இல்லாதவரைக் குற்றவாளியாகவும் பார்க்காதே.

4. உன் கைக்கு எட்டுவது தொடையெலும்பின் தலையையும் கழுத்தையும் வெட்டி எடுப்பது. காசநோயில் கெட்ட மனித இடுப்புக்காக ஒக்ஸ்போர்ட் சத்திரசிகிச்சை நிபுணர் கேர்டில்ஸ்ரன் செய்த முறையின் வழிவந்தது அது. எலும்பு உரசுவது நின்று, தசையும் தழும்பும் சேர்ந்து பொய்மூட்டு ஒன்றை அமைத்துக்கொள்ளும். ஏறக்குறைய 20 கிலோவுக்கு உட்பட்ட நாய் நன்றாகத் தேறும். பாரமான நாய் நோவு தீர்ந்தாலும் கொஞ்சம் நொண்டலாம். அதை முன்னமே சொல்லிவிடு. கழுத்தில் மிச்சம் விட்டால் அது குத்தும். பின்னால் காலுக்குப் போகும் பெருநரம்பு கிடக்கிறது. வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் உன் கை அவசரப்படக்கூடாது.

5. ஆக்கப் பொறுத்தவன் ஆறவும் பொறுக்க வேண்டும். ஆனால் எலும்புத் தலையை வெட்டி எடுத்த பிறகு பொறுப்பது என்றால் நாயைக் கட்டிப்போடுவது அல்ல. ஒரு வீட்டில் அன்பு மிகுந்து மாதக்கணக்கில் படுக்கவே வைத்தார்கள். தசை வற்றிக் கால் நிலத்தில் ஊன்றவில்லை. இன்னொரு வீட்டில் ஒரு ஆச்சி நோ மருந்தை நேரம் தவறாமல் கொடுத்து, சில நாளிலேயே கயிற்றில் பிடித்து மணல் ஒழுங்கையில் மெல்ல நடத்தினா. வழுக்கும் தரையெல்லாம் சாக்கு விரித்தா. தையல் பிரித்துப் புண் ஆறியதும் பேரன் தொண்டைமானாற்றில் நீந்தவிட்டான். அந்த நாய் ஓடியது. ஆச்சிக்கு நான் சொன்னது கொஞ்சம். அவ கற்றுத் தந்ததுதான் கூட. இடுப்பெலும்பை வெட்டித் திருப்பிய நாய்க்கோ எலும்பு பொருந்தும்வரை அடைப்பும் ஓய்வும் வேண்டும். இரண்டையும் குழப்பாமல் எழுதிக் கொடு.

6. பாரத்தைக் குறைக்கச் சொல். ஓர் ஆய்வில் 48 லப்ரடோர்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்து, 2002இல் ஆயுட்கணக்கை வெளியிட்டார்கள். கால்பங்கு குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. அவற்றின் இடுப்பும் பிந்தியே தேய்ந்தது. சோற்றுக் கோப்பையை அளந்து வைப்பதும் வைத்தியம்தான்.

7. இடுப்புத் தளர்ச்சி பரம்பரையில் வரும் நோய். தளர்ந்த இடுப்புள்ள நாயைக் குட்டி போடவிட வேண்டாம் என்று சொல்லத் தயங்காதே. குட்டி விற்ற காசில் பிள்ளையைப் படிப்பிக்கும் வீடும் இங்கே உண்டு, முகம் கறுக்கும். குரலை உயர்த்தாமல் சொல், திரும்ப வந்தால் திரும்பவும் சொல். அவர்கள் சம்மதித்தால், கருத்தடையைக் காசு பாராமல் செய்து கொடு.