மலையகத்து வெயிலும் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும்

"உங்களுக்கெல்லாம் பிரிட்ஜ் எதுக்கு? சாப்பாட்டை ஜன்னலுக்கு வெளியே வெச்சாப் போதுமே" என்று கொழும்பிலுள்ள என் மாமி பகிடி பண்ணுவார். அவர் எங்கள் வீட்டுக்கு வருவதெல்லாம் டிசம்பர் விடுமுறையில்தான். மார்ச் மாதத்தில் ஒருமுறை வந்து பார்த்தால் அப்படிக் கேட்கமாட்டார். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கி, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரின் கட்டடங்கள் வெளியே தலைகாட்டும் நாட்கள் அவை. டிக்கோயாவில் தகரக் கூரையின் கீழுள்ள எங்கள் குசினியில் பகல் 2 மணிக்கு வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். 30 பாகை செல்சியஸ் காட்டியது. அதே குசினியில் ஜனவரி விடியற்காலையில் 12 பாகை இருந்தது.

நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் ஓர் இன்சுலின் குப்பி.

எங்கள் வீட்டுக்கு மேலேயுள்ள லயத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், சீனி வருத்தக்காரர். கிளினிக்கில் தரும் இன்சுலினை வைக்க அவர் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. அதனால் மூன்று வருடங்களாக அது எங்கள் பிரிட்ஜில்தான் இருக்கிறது. "இது அமானிதம் மகள், கவனமாப் பாத்துக்கோங்க" என்று உம்மா அந்தப் பொறுப்பை என்னிடம் தந்திருந்தார். சென்ற மார்ச்சில் ஒரு மாலை, பாட்டிக்குக் கொடுப்பதற்காகப் புதுக் குப்பியை எடுத்தேன். உள்ளே பனிக்கட்டியாக இருந்தது.

உண்மையைச் சொல்வதானால், அதைக் கையில் வைத்து உருக்கிப் பேசாமல் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உருகியதும் பார்வைக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மனம் கேட்கவில்லை; உம்மாவிடம் சொன்னேன். வாப்பா பாமசிக்குப் போய்க் கேட்டார். ஒருமுறை உறைந்த இன்சுலினின் தன்மை கெட்டுவிடும், உருகினாலும் பாவிக்கக் கூடாது, வீசிவிடுங்கள் என்றார்கள். வாப்பா புதிதாக ஒன்று வாங்கி வந்தார். தயங்கித் தயங்கிப் பாட்டியிடம் விடயத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "பனியில கருகுன கொழுந்து வெயில் பட்டா திரும்பப் பச்சையாகுமா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். பாமசியில் சொன்னதும் அதுதான்.

வெயில் காலத்தில் ஒரு பொருள் எப்படி உறைந்துபோகும்? இதற்கு விடை தேடியபோதுதான், வகுப்பில் படித்த வெப்பவியல் எனக்கு உண்மையில் விளங்கியது.

பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளேயிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். குழாயினுள் ஓடும் ஒரு திரவம், அமுக்கம் குறைந்த இடத்துக்கு வந்ததும் கொதித்து ஆவியாகிறது. அதற்குத் தேவையான மறைவெப்பத்தை நம் பாலிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியைக் கொம்பிரசர் இழுத்து நெருக்குகிறது. சூடேறிய ஆவி, பெட்டியின் பின்புறத்திலோ பக்கச் சுவர்களுக்குள்ளோ வளைந்து செல்லும் குழாய்களில் அந்த வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உள்ளே 4 பாகை, குசினியில் 16 பாகை என்றால் வித்தியாசம் 12. குசினி 28 பாகையானால் வித்தியாசம் 24. சுவரூடாகக் கடத்தப்படும் வெப்பம் இந்த வித்தியாசத்துக்கு நேர்விகித சமன். ஆகவே வெறும் 12 பாகை கூடியதற்கு, உள்ளே கசியும் வெப்பம் இரண்டு மடங்காகிறது. வெளியே கொட்டுவதும் அப்போது கடினம், ஏனென்றால் அறையே சூடாக இருக்கிறது. கொழும்பு பிரிட்ஜுக்கு வருடம் முழுவதும் ஏறத்தாழ ஒரே வேலை. எங்கள் பிரிட்ஜுக்கோ ஜனவரியில் ஒரு வேலை, மார்ச்சில் இன்னொரு வேலை.

எங்கள் தவறு இங்கேதான் நடந்தது. பெட்டியினுள் ஒட்டியுள்ள தகட்டில் 'டி' என்று ஓர் எழுத்து இருக்கிறது. 16 முதல் 43 பாகை வரையான அறைக்கென அமைக்கப்பட்டது என்பது அதன் பொருள். மலையகத்து ஜனவரி இரவில் அறை அதைவிடக் குளிர்ந்துவிடுகிறது. கொம்பிரசருக்கு ஓட வேண்டிய தேவை குறைகிறது. அதனால் மேலேயுள்ள பிரீசர் இளகுகிறது. ஐஸ்கிரீம் இளகியதைக் கண்ட நானா, திருகியை 2 இலிருந்து 6 க்குத் திருப்பினார். (அந்த இலக்கங்கள் பாகை அல்ல. இலக்கம் கூடினால் குளிரும் கூடும். இதைத் தலைகீழாக நினைப்பவர்கள் நிறையப் பேர்.) மார்ச் வந்தும் யாரும் அதைத் திருப்பி வைக்கவில்லை. வெயிலில் கொம்பிரசர் ஓயாமல் ஓடியது. பின்சுவரோடு ஒட்டியிருந்த குப்பி உறைந்தது.

திறக்காத இன்சுலின் 2 க்கும் 8 க்கும் இடைப்பட்ட பாகையில் இருக்க வேண்டும். பிரீசர் பக்கமோ பின்சுவரோடு ஒட்டியோ வைக்கக் கூடாது. திறந்து மூடும்போதெல்லாம் சூடுபடுவதால் கதவுத் தட்டும் நல்லதல்ல. இப்போது நடுத்தட்டில், மூடியுள்ள ஒரு சிறு பெட்டியில் வைக்கிறேன். பக்கத்தில் ஒரு வெப்பமானி. பாவனைக்குத் திறந்த குப்பியை, அறை அதிகம் சூடாகாவிட்டால், பொதுவாக நான்கு வாரம் வரை வெளியே வைத்துப் பாவிக்கலாம். மருந்துக்கு மருந்து இது வேறுபடும் என்பதால் பெட்டியிலுள்ள தாளை வாசியுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானாவும் நானும் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்தோம். பின்னாலிருந்த குழாய்களில் ஒரு விரல் தடிப்புக்குத் தூசி. வெப்பம் வெளியேறும் வழியில் கம்பளி போர்த்தியதைப் போல இருந்தது. மென்மையான தூரிகையால் துடைத்தோம். சுவரோடு ஒட்டியிருந்த பெட்டியை ஒரு சாண் தள்ளி வைத்தோம். ஜன்னல் வழியே வெயில் படும் இடமாகவும் அது இருந்ததால் பிறகு மறுபக்கம் மாற்றினோம். மேலே உம்மா விரித்திருந்த பூவேலைத் துணி பக்கங்களிலும் தொங்கி மூடியிருந்தது. அதை எடுக்கச் சொன்னபோது உம்மாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். இப்போது அது மேலே மட்டும் மடித்துப் போடப்பட்டிருக்கிறது.

கதவின் இறப்பர் விளிம்பைப் பார்க்க ஒரு நூறு ரூபாத் தாள் போதும். தாளை வைத்துக் கதவை மூடி இழுக்க வேண்டும். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தால் குளிர்காற்று கசிகிறது என்று அர்த்தம். எங்களுடையதில் கீழ் மூலை வழுக்கியது. அழுக்குத்தான் காரணம், இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரால் துடைத்ததும் சரியாகிவிட்டது. பிரீசரில் படிந்த உறைபனியைக் கத்தியால் குத்தாதீர்கள். அதுவும் வெப்பத்தைத் தடுக்கும், எனவே அரை அங்குலம் வருமுன் நிறுத்தி உருகவிடுவதே முறை. கத்தி குழாயில் பட்டால் வாயு வெளியேறும். பழைய பிரிட்ஜுகளில் ஓசோன் படையைச் சிதைக்கும் குளோரோபுளோரோகாபன் இருந்தது. 1987 இன் மொன்றியல் உடன்படிக்கைக்குப் பின் அது படிப்படியாக நீக்கப்பட்டது. இப்போதைய பலவற்றில் ஐசோபியூட்டேன் இருக்கிறது. அது தீப்பற்றக் கூடியது.

நோன்பு இப்போது வெயில் காலத்தோடு சேர்ந்து வருகிறது. சமோசா, கட்லட், ரோல்ஸ் எல்லாம் செய்து பிரீசரை நிரப்புவோம். மிஞ்சிய கஞ்சியைச் சட்டியோடு உள்ளே தள்ளுவோம். 80 பாகையிலுள்ள 2 லீற்றர் கஞ்சியைத் தண்ணீராகவே எண்ணிக் கணக்கிட்டால், அது 5 பாகைக்கு வர 630 கிலோயூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அந்த வெப்பம் கிட்டத்தட்ட 1.9 கிலோ பனிக்கட்டியை உருக்கப் போதுமானது. பக்கத்திலிருக்கும் பாலின் கதி என்னவென்று யோசியுங்கள். அதற்காக இரவு முழுவதும் வெளியே விடவும் கூடாது. அகன்ற பாத்திரங்களில் பிரித்து, குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும்.

வெயிலோடு வரும் இன்னொன்று மின்வெட்டு. காசல்ரீ நீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும், மவுசாக்கலை நீர் கென்யன் மின்நிலையத்துக்கும் போகிறது. எங்கள் மலையில் மழை பெய்யாவிட்டால் நாட்டுக்கே மின்சாரம் குறையும். 2022 மார்ச் கடைசியில், எரிபொருளும் இல்லாமல், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. மழைக்கும் எரிபொருளுக்கும் சம்பந்தமில்லாமலும் அது நிற்கும்: 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் முழு நாடும் இருளில் மூழ்கியது. கதவைத் திறக்காமல் விட்டால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணித்தியாலம் குளிரைத் தாங்கும். நிரம்பிய பிரீசர் 48 மணித்தியாலமும், பாதி நிரம்பியது 24 மணித்தியாலமும் தாங்கும். அதனால் வெற்றிடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்திருக்கிறோம். கரண்ட் போனதும் சுவிட்சை நிறுத்தி, வந்த பின் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். குழாயின் இரு பக்க அமுக்கமும் சமப்படுமுன் தொடங்கினால் கொம்பிரசர் மோட்டார் திணறிச் சூடேறும்.

பிரிட்ஜே இல்லாத லயங்களுக்கு என்ன வழி? நைஜீரியாவின் முகம்மது பாஹ் அப்பா என்ற ஆசிரியர், ஒரு மண்பானைக்குள் இன்னொன்றை வைத்து, இடையில் ஈர மணலை நிரப்பி, மேலே ஈரத்துணி மூடி, மரக்கறிகளை வாடாமல் காத்தார். அதற்காக 2000 ஆம் ஆண்டின் ரோலெக்ஸ் விருதையும் பெற்றார். அதே ஆவியாதல்தான், கொம்பிரசர் மட்டும் இல்லை. காற்று வரண்டிருக்க வேண்டும் என்பதால் எங்கள் ஆடி மாதத்து மூடுபனியில் அது பலிக்காது. மார்ச் மாதத்தில் பலித்தது. நானும் பாட்டியும் லயத்தின் இஸ்தோப்பில், நிழலில், ஒன்றைச் செய்து வைத்தோம். வெளியே 27 பாகை இருந்தபோது உள்ளே 21 பாகை. திறந்த குப்பியை நீர் புகாத டப்பாவில் இட்டு அதற்குள் வைக்கிறார்.

திறக்காத குப்பி இன்னும் எங்கள் வீட்டில்தான். பாட்டி வந்தால் மருந்தைக் கேட்குமுன், "இன்னைக்கு எத்தனை பாப்பா?" என்று கேட்கிறார். நேற்று 5 என்றேன்.