கண் சிமிட்டும் பிள்ளையைக் கண்டிக்கலாமா?

பெற்றோரே, ஆறு அல்லது ஏழு வயதுப் பிள்ளையொன்று திடீரென ஓயாது கண்ணைச் சிமிட்டத் தொடங்குகின்றது. தொலைக்காட்சி பார்த்த வினை என்று கண் வைத்தியரிடம் கொண்டுபோகின்றோம். கண்ணில் ஒரு குறையுமில்லை. சில மாதங்களில் சிமிட்டல் நின்று தோளைக் குலுக்குதல் வருகின்றது. பின்பு தொண்டையைச் செருமுதல், மூக்கை உறிஞ்சுதல், சிறு கீச்சொலி. சளிக்கு மருந்து கொடுத்தும் பயனில்லை. அப்பொழுதுதான் "இது கூடாத பழக்கம்" என்ற தீர்ப்பும், அதன் பின்னால் பிரம்பும் வருகின்றன. சிலர் நாவூறு கழிப்பர். சிலர் நூல் கட்டுவர். வந்தவரைப் பாயோடு ஒட்டவைக்கும் ஊர் என்று பெயரெடுத்த நமது மட்டக்களப்பில் அதற்கு ஆள் தேடுவது கடினமன்று.

உண்மையில் இது மூளை நரம்புகளின் இயக்கத்தில் ஏற்படும் ஒரு குறைபாடு. பிரான்சு நாட்டு வைத்தியர் இதார் 1825இல், ஏழு வயதிலேயே இத்தகைய அசைவுகள் தொடங்கிய ஓர் உயர்குலப் பெண்ணைப் பற்றி எழுதினார். 1885இல் பாரிஸ் நகர வைத்தியர் ஜில் த லா தூரெற் ஒன்பது நோயாளரை ஆராய்ந்து விவரித்தார். அவர் பெயராலேயே இது தூரெற் நோய் எனப்படுகின்றது. தன்வசமற்ற அசைவுகள் இரண்டேனும், தன்வசமற்ற ஒலி ஒன்றேனும், 18 வயதுக்கு முன் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியர் இப்பெயரைச் சொல்வர். ஆண் பிள்ளைகளிடையே இது மூன்று நான்கு மடங்கு அதிகம். பரம்பரைத் தொடர்பும் உண்டு. தகப்பனும் சிறு வயதில் கண் சிமிட்டியவராக இருக்கலாம். கெட்ட வார்த்தை கத்துவதுதான் இந்நோய் என்று படம் பார்த்தோர் எண்ணுவர். அது சிறு தொகையினருக்கே வருவது.

பெற்றோரை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிள்ளையால் இந்த அசைவைச் சிறிது நேரம் அடக்கிக்கொள்ள முடியும். ஆகவே, "பாடசாலையில் சும்மாதானே இருக்கிறான், வீட்டுக்கு வந்தால்தான் இந்தக் கூத்து, வேண்டுமென்றே செய்கிறான்" என்று முடிவுகட்டி விடுகின்றோம். தும்மலை அடக்கிப் பார்த்தவர்களுக்கு விடயம் விளங்கும். மூக்கினுள்ளே அரிப்பு ஏறிக்கொண்டே போகும், தும்மினால்தான் ஆறும். இந்தப் பிள்ளைக்கும் தோளிலோ தொண்டையிலோ அப்படியொரு உந்தல் ஏறுகின்றது. காலை முழுதும் வகுப்பில் அதை அடக்கி வைத்திருந்து, தாயின் முன்னே அவிழ்த்து விடுகின்றது. வீடு தனக்குப் பாதுகாப்பான இடம் என்று அது நம்புவதால்தான் அங்கே அதிகம் காட்டுகின்றது. "நிற்பாட்டு, நிற்பாட்டு" என்று சொல்லச் சொல்ல அதன் கவனம் அந்த உந்தலிலேயே போய் நிற்கும், அசைவும் கூடும். அதே பிள்ளை பந்து விளையாட்டில் ஆழ்ந்திருக்கும்போது அசைவு குறைவதைக் காணலாம். 2014 உலகக் கிண்ணப் போட்டியில் பெல்ஜியத்துக்கு எதிராக அமெரிக்கக் கோலைக் காத்து உலகையே வியக்கவைத்த ரிம் ஹவார்ட் இந்நோயுடன் வளர்ந்தவரே.

அசைவைவிட அதிகமாய்ப் பிள்ளையை வாட்டுவது பல வேளைகளில் பயம்தான். இந்நோயுள்ள பிள்ளைகள் பலரிடம் மிகையான பதகளிப்பும், ஒன்றையே திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் இயல்பும் சேர்ந்திருக்கின்றன. தகப்பன் இரவில் வாவிக்குத் தோணி கொண்டு போகின்றார் என்று வைத்துக்கொள்வோம். "அப்பா வந்திருவாராம்மா?" என்று பிள்ளை கேட்கின்றது. "ஓம் மனே, விடிய வருவார்" என்கிறாள் தாய். ஐந்து நிமிடத்தில் மீண்டும் அதே கேள்வி. இருபது தடவை கேட்டால் இருபது தடவையும் ஆறுதல் சொல்வது அன்பு போலத் தோன்றும்; ஆனால் ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்கு விதையாகி விடுகின்றது. ஒரு தடவை தெளிவாய்ப் பதில் சொல்லுங்கள். அடுத்த தடவை, "இதற்கு நான் பதில் சொல்லிவிட்டேன் மனே, இப்பொழுது உனக்குப் பயமாயிருக்கிறது என்று எனக்குத் தெரியும்" என்று அருகில் இருத்திக் கையிலே ஒரு வேலையைக் கொடுங்கள். முதல் சில நாட்கள் அழுகை கூடத்தான் செய்யும்.

2004 கடற்கோளும், 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பும் நமது குடும்பங்களில் விட்டுச்சென்ற அச்சம் சொல்லி முடியாதது. பயமே இந்நோயை உண்டாக்குவதில்லை. எனினும் வீட்டில் பயமும் சத்தமும் கூடினால் அசைவும் கூடும். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களிலும் இதைக் கவனிக்கலாம்.

திருப்பலி நேரத்தில் கோவிலின் அமைதியில் பிள்ளையின் ஒலி ஒன்று எழும்ப, எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. வெட்கத்தினால் தாய் பிள்ளையுடன் வெளியே வேப்பமர நிழலில் நிற்பாள். சில வாரங்களில் வருவதையே நிறுத்திவிடுவாள். திரும்பிப் பார்க்கும் நம்மில் எவருக்கும் அந்தத் தாயை வெளியே அனுப்பும் உரிமை இல்லை. பங்குத் தந்தைக்கும் மறைக்கல்வி ஆசிரியருக்கும் முன்கூட்டியே விடயத்தைச் சொல்லி வைப்பது நல்லது. பக்கவாட்டு வாசலருகே இருந்தால், உந்தல் மிஞ்சும்போது பிள்ளை இரண்டு நிமிடம் வெளியே போய் வரலாம். வகுப்பறைக்கும் இதுவே பொருந்தும். ஆசிரியர் அடித்தால் திருந்துவான் என்போருக்கு ஒரு சொல்: பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்யும் சுற்றறிக்கையைக் கல்வி அமைச்சு 2005இலேயே அனுப்பிவிட்டது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்து தேவைப்படுவதில்லை. அசைவு பத்து முதல் பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போய், பதின்ம வயது முடியும் வேளையில் பலருக்குத் தணிகின்றது. உந்தல் வரும்போது அதற்கு எதிரான ஓர் அசைவைச் செய்யப் பழக்கும் முறையொன்றும் உண்டு. தோள் குலுங்க வரும்போது கையை விலாவோடு மெல்ல அழுத்துவதும், செரும வரும்போது மூக்கினால் ஆறுதலாய் மூச்சு விடுவதும் அப்படிப்பட்டவை. அஸ்ரின், நன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர் 1973இல் இதன் அடிப்படையை வெளியிட்டனர். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 126 பிள்ளைகளில் இப்பயிற்சி பெற்றோரிற் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் பத்து வாரத்தில் நன்கு தேறினர். அசைவினால் உடல் நோகின்றது, நித்திரை கெடுகின்றது, பிள்ளை பாடசாலைக்குப் போக மறுக்கின்றது என்றால் மருந்து பற்றியும் வைத்தியர் சொல்வார். அசைவின்போது பிள்ளை நினைவிழந்தால் அது வலிப்பாக இருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. படுவான்கரையிலிருந்து வருவோர் முதலில் தமக்குக் கிட்டிய வைத்தியசாலையில் காட்டிக் கடிதம் பெற்றுக்கொள்ளலாம். தொலைபேசியில் ஆலோசனை கேட்க விரும்புவோருக்குத் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கின்றது. வைத்தியரின் முன்னே பிள்ளை அசைவை அடக்கிக்கொண்டு அமைதியாய் இருந்துவிடும். ஆகையால் வீட்டில் நடப்பதைக் கைத்தொலைபேசியில் இரண்டொரு நிமிடம் படம் பிடித்துக் கொண்டுபோங்கள். பிள்ளைக்குச் சொல்லிவிட்டே பிடியுங்கள்.