பெருவிரல் மூட்டுத் தேய்மானம்: செயற்கை மூட்டா, மூட்டு இணைப்பா?

நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழுந்ததும் உடலின் பாரம் முன்பாதத்திற்கு மாறுகிறது. அப்போது கால் பெருவிரலின் அடிமூட்டு மேல்நோக்கி மடங்க வேண்டும். அம்மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்தால் ஒவ்வோர் அடியிலும் வலி எழும். மூட்டின் மேற்புறத்தில் எலும்பு புடைத்து வளரும். நாளடைவில் விரல் விறைத்துவிடும்.

யூரிக் அமிலப் படிவும் இதே மூட்டில் கடும் வலியை உண்டாக்கும். ஆகவே எக்ஸ்ரே, தேவையெனில் இரத்தப் பரிசோதனை ஆகியவற்றால் காரணத்தை முதலில் உறுதி செய்தல் வேண்டும்.

தொடக்க நிலைச் சிகிச்சை

முன்பகுதி அகன்று, அடிப்பகுதி எளிதில் வளையாத காலணியும் வலி மருந்தும் பலருக்குப் போதும். அவை பயன் தராதபோது, புடைத்த எலும்பை மட்டும் செதுக்கி நீக்கும் அறுவை சிகிச்சை உதவும்.

செயற்கை மூட்டு

முற்றிய தேய்மானத்தில், அசைவைக் காக்கும் நோக்குடன் சிலிக்கோன், உலோகம் முதலியவற்றாலான செயற்கை மூட்டுகள் பொருத்தப்படுகின்றன. ஆயினும் இச்சிறு மூட்டின் மீது விழும் விசை பெரிது. பொருத்திய பாகம் தளரலாம், தேயலாம், எலும்பினுள் அமிழலாம். 'கார்ட்டிவா' என்னும் செயற்கைக் குருத்தெலும்பு 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எதிர்பார்த்ததைவிட மிகுதியானோருக்கு மறு அறுவை தேவைப்பட்டதால் 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. தோல்வியுற்ற செயற்கை மூட்டை அகற்றும்போது எலும்பு இழப்பு நேர்ந்திருப்பின், வேறிடத்து எலும்பை எடுத்து ஒட்டவும் நேரிடலாம்.

மூட்டு இணைப்பு

தகடு, திருகாணி கொண்டு இரு எலும்புகளையும் ஒன்றாக இணைப்பது இம்முறை. அடிமூட்டின் அசைவு நிலையாக நீங்கும்; விரல்நுனி மூட்டு வழக்கம்போல் மடங்கும். நெடுநாள் வலி நிவாரணத்தில் இதுவே மிகுந்த நம்பகம் உடையது. பெரும்பாலோர் இயல்பாக நடப்பர். உயர்குதிக் காலணி அணிதலும், விரல்களை ஊன்றிக் குந்துதலும் கடினமாகும். புகைபிடித்தல் எலும்பு கூடுவதைத் தடுக்கும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. என் தேய்மானம் எந்நிலையில் உள்ளது?
2. பரிந்துரைக்கும் செயற்கை மூட்டு எப்பொருளாலானது? அது தோல்வியுற்றால் அடுத்த வழி யாது?
3. நான் எப்போது காலூன்றலாம், எப்போது பணிக்குத் திரும்பலாம்?

நீரிழிவு உடையோர் பாதத்தின் இரத்த ஓட்டத்தையும் உணர்வையும் முன்னரே பரிசோதித்துக்கொள்ளல் இன்றியமையாதது.

ஏற்கெனவே செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்டு நலமாக இருப்போர் அஞ்ச வேண்டியதில்லை. புதிதாக வலியோ வீக்கமோ மரமரப்போ தோன்றினால் தாமதியாமல் மருத்துவரை அணுகுக.