49-ஆம் நாளுக்கு ஓர் இடம்

அன்புள்ள தேன்மொழி,

அப்பாவைச் சேர்த்துவிட நம் பக்கம் குடியை விட்டவர்கள் கூட்டம் ஏதாவது நடக்கிறதா என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்த உன் அத்தைக்கு அந்த வரிசைதான் தெரியும்.

காலையில் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். இப்படிப்பட்டவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்து வியர்த்துக் கொட்டும், நாள் கிழமை மறந்துபோகும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப்போகிற குடும்பங்கள் உண்டு. அந்தத் தாமதத்தில் உயிரே போகலாம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு முதலில் கூட்டிப் போ. நடுக்கத்துக்கு மாத்திரையும், குடியில் வற்றிப்போன வைட்டமின் பி1-உம் கொடுத்து உடம்பைத் தேற்றுவார்கள்.

'அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று பொடி விற்கிறார்களே, அதை மட்டும் வாங்கிவிடாதே. குடித்தால் ஒத்துக்கொள்ளாத மாத்திரை ஒன்று மருத்துவத்தில் இருப்பது உண்மை. அதை நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் கொடுப்பார்கள். தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மேலே குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடுவார்.

உடம்பு தேறுவதில் பாதி வேலைதான் முடியும். மீதியை உன் அப்பாவே நமக்குக் காட்டியிருக்கிறார். ஐயப்பனுக்கு மாலை போட்ட வருஷங்களில் 48 நாள் ஒரு சொட்டு தொடவில்லை. இதைக் கேலி பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விடியற்காலைக் குளியல், குருசாமி, கூடப் பஜனை பாட நாலு பேர் என்று அந்த நாட்களில் அவர் தனியாக இல்லை. மாலையைக் கழற்றிய 49-ஆம் நாள் அந்த நாலு பேரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நம் அடி அண்ணாமலைக் கோயில் வாசலில் சூடம் அடித்துச் செய்த சத்தியமும் இந்த இடத்தில்தான் உடைந்தது. 49-ஆம் நாளும் அதற்குப் பிறகும் கூட உட்கார ஆள் வேண்டும். நீ கேட்கும் கூட்டம் அதற்குத்தான்.

அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் 1935-இல் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும், பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரும் உட்கார்ந்து பேசித் தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இரண்டு பேருமே குடிநோயாளிகள். இந்தியாவுக்கு 1957-இல் டெல்லி வழியாக வந்தது. இப்போது தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன. ஏஏ என்று சொன்னால் போதும். கட்டணம் கிடையாது. டீக்கும் வாடகைக்கும் முடிந்தவர்கள் பத்து இருபது போடுவார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பேசியது வெளியே போகக் கூடாது. ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்வார்கள், யாரும் யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. நாமெல்லாம் அப்பாவிடம் பேசியது முழுக்க உபதேசம்தானே!

விசாரிக்க வேண்டிய இடம் அதே மனநலப் பிரிவின் ஆலோசகர்தான். எந்தக் கிழமை, எந்த மண்டபம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். திறந்த கூட்டம் என்றால் நீயும் கூடப் போகலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். போய்வர வசதிப்படாவிட்டால் போன் வழியாகச் சேரும் கூட்டங்களைக் கேள். காசு கேட்டால், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அடுத்த வாரம் அங்கே போகாதே. 'ஆளைத் தூக்கிவந்து பூட்டி வைத்துத் திருத்துகிறோம்' என்கிற மையங்களின் பக்கமே போகாதே. 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெற்றிருக்கிறதா என்று கேட்டாலே பாதிப் பேர் முகம் மாறும்.

ஊர் பார்க்குமே என்று அம்மா கூசுகிறாளாம். கடை வாசலில் நிற்பதைப் பார்த்த ஊர்தானே! 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெறுகிறார். மற்ற 37 பேரில் எத்தனை பேரை இந்தக் கூச்சம் தடுத்ததோ. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் அந்தக் கணவர் டி.டி.ரங்கநாதன் பெயரில் மருத்துவ அறக்கட்டளை தொடங்கினார். சில வருஷங்களில் மஞ்சக்குடி என்ற டெல்டா கிராமத்துக்கே சிகிச்சையைக் கொண்டுபோனார்கள். ஊரிலேயே முகாம் போட்டு, குடும்பத்தையும் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ஒளித்துவைத்த நோயைவிட ஊரறிந்த நோய்க்குத் துணை சீக்கிரம் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

உனக்கும் ஒரு வார்த்தை. குடிப்பவரின் வீட்டாருக்கென்று 1951 முதல் அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது; பில் வில்சனின் மனைவி லோயிஸ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். அப்பா குடிப்பது உன்னால் இல்லை, நிறுத்துவதும் உன் கையில் இல்லை. இரண்டையும் சுமந்துகொண்டு நீ பரீட்சை எழுத வேண்டாம்.

அப்பா வர மாட்டேன் என்றாலும் நீ இன்றைக்கே 14416-க்குப் போன் செய். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

அன்புடன்,
அத்தை