ரிக்கை மாற்றுமுன்: வானொலி அன்பர் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் ஐகாம் ஐசி-718 ரிக் ஒன்று இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் இன்னொரு ஹாம் அன்பரிடம் வாங்கியது. பழுது என்று இதுவரை எதுவும் வந்ததில்லை. மாடியில் நாற்பது மீட்டர் பேண்டுக்கான டைபோல் ஒன்றைத் தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் கட்டி, ஆர்ஜி-58 கேபிள் மூலம் அறைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். காலையில் கேரளத்து, கர்நாடகத்து நண்பர்களோடு பேசுவது வழக்கம். சமீப காலமாக எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையிலும் ஆசை பிறந்திருக்கிறது. நண்பர் ஒருவர் ஐசி-7300 வாங்கச் சொல்கிறார். மற்றொருவர் ஷெர்வுட் பட்டியலைக் காட்டி, யேசு எஃப்டிடிஎக்ஸ்10 தான் மேல் என்கிறார். காதுக்கு உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் தெரியுமா? மாற்றினால் பழையதை விற்றுவிடலாமா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டு ரிக்குகளின் பெயரையும் ஒரு பட்டியலின் பெயரையும் எழுதிய தாங்கள், ஆன்டெனாவைச் செருகியபின், யாரும் பேசாத ஓர் இடத்தில் டயலை நிறுத்தினால் தங்கள் எஸ் மீட்டர் எந்த எண்ணில் நிற்கிறது என்பதை எழுதவில்லை. என் அபிப்பிராயத்தில் தங்கள் கேள்விக்குரிய விடையின் பெரும்பகுதி அந்த எண்ணிலேயே அடங்கியிருக்கிறது.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்திருக்கும் மதிப்பீட்டின்படி, குடியிருப்புப் பகுதியொன்றில் 7 மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனா வழியே வந்து சேரும் இரைச்சல், வெப்பத்தால் இயல்பாகவே எழும் அடிப்படை இரைச்சலைக் காட்டிலும் ஏறக்குறைய 49 டெசிபெல் அதிகம். தங்கள் ஐசி-718 தானாக உண்டாக்கும் இரைச்சலோ அதே அடிப்படைக்கு மேல் 20 டெசிபெல்லுக்கும் குறைவு. அதாவது, நாற்பது மீட்டரில் தங்கள் ரிக்கின் செவி ஏற்கெனவே தேவைக்கு மிஞ்சிய கூர்மை உடையது. அதனிலும் கூரிய செவியைக் கொண்டுவந்து வைத்தால், அது அதே இரைச்சலை இன்னும் நன்றாகக் கேட்கும். இதை நம்புவதற்கு என் வார்த்தை வேண்டாம். இரவு எட்டு மணிக்கு, ப்ரீஆம்பை அணைத்துவிட்டு, 7.1 மெகாஹெர்ட்ஸில் ஸ்பீக்கரைச் சற்று உரக்க வைத்து, ரிக்கின் பின்னாலுள்ள ஆன்டெனா கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். சலசலப்பு சட்டென்று அடங்கிப் போனால், அந்தப் பேண்டில் கேட்கும் கூர்மைக்காக ஒரு ரூபாயும் செலவிட வேண்டிய அவசியமில்லை என்பது நிச்சயம்.

அடுத்த பரீட்சை இதனிலும் முக்கியமானது. ரிக்கைக் கார் பேட்டரி ஒன்றில் ஓட விட்டு, மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்து, இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். எஸ்7-இல் நின்ற மீட்டர் எஸ்3-க்கு இறங்கியதென்றால், ஓர் எஸ் அலகுக்கு 6 டெசிபெல் என்ற கணக்கில் 24 டெசிபெல் இரைச்சலைத் தங்கள் வீடே தயாரித்துத் தங்கள் ஆன்டெனாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். (மீட்டர்கள் கீழ்ப்பகுதியில் அவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை, ஆயினும் திசை தெரிந்துவிடும்.) எந்தக் கம்பெனியின் எந்த ரிக்கும் இந்த 24 டெசிபெல்லைத் திருப்பித் தராது. குற்றவாளி பெரும்பாலும் எல்இடி விளக்கின் டிரைவராகவோ, செல்போன் சார்ஜராகவோ, இன்வெர்ட்டராகவோ, சோலார் சாதனமாகவோ இருக்கும். ஸ்விட்ச்-மோட் சப்ளைகளின் இரைச்சல் பேண்ட் முழுதும் ஒரே சீராகப் பரவாமல், டயலைத் திருப்பத் திருப்ப ஏறக்குறைய சம இடைவெளியில் மேடு மேடாக எழுவதையும், சில நிமிஷங்களில் அந்த மேடுகள் மெல்ல இடம் நகர்வதையும் கவனித்தால் அடையாளம் தெரிந்துவிடும். மீடியம் வேவ் உள்ள சிறிய பேட்டரி ரேடியோ ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்தால், இரைச்சல் பெருகும் இடத்திலேயே அதன் பிறப்பிடமும் அகப்படும். விளக்கை மாற்றுவதும், மாற்ற முடியாத சாதனத்தின் வயரை '31' ரக ஃபெரைட் வளையத்தில் பல சுற்றுகள் சுற்றுவதும் ரிக்கின் விலையில் சிறு பங்குக்கே முடிந்துவிடும் காரியங்கள்.

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். அமெரிக்காவில் ராப் ஷெர்வுட் பல்லாண்டுகளாக ரிசீவர்களை அளந்து வெளியிட்டுவரும் பட்டியல் மிகுந்த மரியாதைக்குரியது. ஆனால் அது எந்தக் குணத்தைக் கொண்டு வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பாராமல், மேலே இருப்பது எல்லா விதத்திலும் மேல் என்று கொள்வது பிசகு. 2 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு நெருக்கமாகப் பலத்த நிலையங்கள் இரைந்துகொண்டிருக்கும்போது, அவற்றின் கலப்பால் போலி சிக்னல்கள் பிறக்காமல் நடுவே உள்ள மெல்லிய குரலைப் பிரித்துத் தரும் ஆற்றலே, அதாவது நெருங்கிய இடைவெளி டைனமிக் ரேஞ்சே, அந்த வரிசையின் அடிப்படை. உலகப் போட்டி நடக்கும் வார இறுதியில் மோர்ஸில் இறங்குகிறவருக்கும், அடுத்த தெருவில் இன்னொரு ஹாம் 100 வாட்டில் அனுப்பிக்கொண்டிருக்கும் நிலையில் வாழ்கிறவருக்கும் அது ஜீவாதாரமான குணம். எஃப்டிடிஎக்ஸ்10 சிக்னலை 9 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி, மோர்ஸுக்கென 500 ஹெர்ட்ஸ் அகலமுள்ள ரூஃபிங் ஃபில்டர் வழியே அனுப்புவது இந்த உத்தேசத்தோடுதான். ஐசி-7300 அப்படிச் செய்யாமல், முன்னாலுள்ள பேண்ட் ஃபில்டர்களைக் கடந்த மாத்திரத்தில் சிக்னலை எண்களாக மாற்றிவிடுகிறது; அதனால் மிகப் பலத்த சிக்னல் வந்தால் திரையில் ஓவிஎஃப் என்ற எச்சரிக்கை எழும், அட்டென்யுவேட்டரை இட வேண்டியும் வரும். ஆனால் காலை வேளையில் பாலக்காட்டோடும் மைசூரோடும் பேசுகிற தங்களுக்கு, இவ்விரண்டுக்கும் உள்ள அந்த வித்தியாசம் காதில் விழும் சந்தர்ப்பம் அரிது.

அப்படியானால் மாற்றத்தால் பிரயோஜனமே இல்லையா என்றால், இருக்கிறது; அது வேறிடத்தில் இருக்கிறது. ஐசி-718-இல் மோர்ஸுக்கான குறுகிய ஃபில்டரைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். புதிய ரிக்குகளில் அகலத்தை விரல் நுனியில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். 50 மெகாஹெர்ட்ஸ் பேண்டும், 3:1 வரையிலான எஸ்டபிள்யூஆரைச் சரிக்கட்டும் ட்யூனரும் ஐசி-7300-க்கு உள்ளேயே உண்டு. எஃப்டி8-க்கு ஒரே ஒரு யுஎஸ்பி கேபிள் போதும். இவை எல்லாவற்றினும் நான் உயர்வாகக் கருதுவது அதன் ஸ்கோப்பை. பேண்ட் முழுவதையும் ஒருசேரக் கண்ணால் காண்பது, எந்த மூலையில் யார் அழைக்கிறார் என்பதை மட்டுமன்றி, மேலே சொன்ன இரைச்சல் மேடுகள் எந்த விளக்கை அணைத்ததும் மறைகின்றன என்பதையும் அக்கணமே காட்டிவிடுகிறது. அனுப்பும் சக்தியோ மூன்றிலும் 100 வாட்டே. எதிர்முனையில் இருப்பவருக்குத் தாங்கள் ரிக் மாற்றியது தெரியப்போவதில்லை.

கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 30 மீட்டர் நீளமுள்ள ஆர்ஜி-58, 28 மெகாஹெர்ட்ஸில் தங்கள் சக்தியில் ஏறக்குறைய பாதியை விழுங்கிவிடும். 7 மெகாஹெர்ட்ஸில் கால் பங்கு அளவே நஷ்டம். ஆகவே நாற்பது மீட்டரோடு நிற்பதானால் அதைத் தொட வேண்டாம். மேல் பேண்டுகளில் ஐரோப்பாவைத் தேடும் எண்ணமிருந்தால் ஆர்ஜி-213-க்கு மாறுங்கள். டைபோலும் அப்படியே: கால் அலைநீளத்துக்கு மேற்படாத உயரத்தில் இருப்பதால் அது பெரும்பாலும் செங்குத்தாக மேல்நோக்கியே வீசுகிறது, அண்டை மாநிலங்களுக்கு அதுவே உத்தமமான ஏற்பாடு.

எஃப்டி8 மட்டுமே ஆசையானால், பழைய ரிக்கின் பின்புறத்துத் துணைச் சாக்கெட்டில் ஒரு சவுண்ட் கார்டு இன்டர்ஃபேஸை இணைத்தாலே போதும். போட்ட உடனே அதிர்வெண் சற்று நகரும் ஆதலால் ஒரு மணி நேரம் சூடாக விட்டுத் தொடங்குங்கள். தொடர்ச்சியான தொனியாகையால் 25, 30 வாட்டுக்கு மேல் போக வேண்டாம்.

இவ்வளவும் செய்தபின் ஆசை நிலைத்திருந்தால், ஐசி-7300 வைத்திருக்கும் நண்பரை ஒரு மாலை தங்கள் வீட்டுக்கே அழையுங்கள். ஒரு கோஆக்ஸ் ஸ்விட்ச் மூலம் இரண்டு ரிக்குகளையும் அதே டைபோலில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒன்றின் அனுப்பும் சக்தி ஸ்விட்ச் வழியே கசிந்து மற்றதைக் கெடுத்துவிடாதபடி மைக்குகளைக் கழற்றி வைப்பது அவசியம். ஃபில்டர் அகலமும் ஒலியின் அளவும் இரண்டிலும் சமமாக இருக்க வேண்டும். உரத்து ஒலிப்பதே சிறந்தது என்று காது எளிதில் ஏமாந்துவிடும். யார் குரலையாவது ஒரு மணி நேரம் விடாமல் கேட்டு, எந்த ரிக்கின் முன் தங்களுக்குக் களைப்பு குறைவு என்று பாருங்கள். எந்தப் பட்டியலிலும் அச்சாகாத அந்தக் குணத்தையே நான் முதலாவதாக வைப்பேன். இரைச்சல் அடங்கிய வீட்டில், அந்த மாலைக்குப் பின்னும் மனம் புதியதையே நாடுமானால், ஐசி-7300-ஐ வாங்குங்கள். போட்டியில் இறங்கும் உத்தேசம் இல்லாத தங்களுக்கு எஃப்டிடிஎக்ஸ்10-க்கான கூடுதல் செலவு வேண்டியதில்லை.

பழையதை விற்க வேண்டாம் என்பதே என் யோசனை. 2004 டிசம்பர் சுனாமியில் அந்தமானின் தொலைபேசிகள் அறுந்துபோன நேரத்தில், ஹாம் அன்பர் பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் போர்ட் பிளேரிலிருந்து ஹாம் ரேடியோ மூலமாகவே செய்திகளைப் பெருநிலத்துக்குக் கொண்டுசேர்த்தார்கள். பேட்டரியில் ஓடக்கூடிய, சில பித்தான்களே உள்ள, பழுதறியாத இரண்டாவது ரிக் ஒன்று புயற்காலத்தில் ஒவ்வொரு ஹாம் வீட்டிலும் இருக்கத்தக்கது. விற்றே ஆக வேண்டிய நிலை வந்தால், வாங்குகிறவரின் உரிமத்தைக் கண்ணால் பார்த்த பின்பே கொடுங்கள். உரிமமற்றவர் கையில் டிரான்ஸ்மிட்டர் இருப்பது சட்டப்படி குற்றம்.