நான்கு மணிக்கு இருட்டும் ஊரில் தனியாக

குளிர்காலத்தில் ஐரோப்பிய நகரம் ஒன்றுக்குத் தனியாகக் கிளம்புகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் பேசுவார்கள். "ஏண்டி, தனியாப் போறதே போதாதா, பனியில வேற போகணுமா?" என்றார் அம்மா. குளிருக்குத் துணி இருக்கிறது. அந்த ஊர்க் கட்டடங்களுக்குள் நுழைந்தால் சூடேற்றும் குழாய்கள் இருக்கின்றன. காசு கொடுத்தாலும் கிடைக்காதது வெளிச்சம் ஒன்றுதான். நான் போன புடாபெஸ்டில் டிசம்பர் கடைசியில் காலை ஏழரைக்கு விடிந்து, மாலை நான்கு அடிக்கும் முன்பே சூரியன் போய்விடும். ஜனவரி முடிவில்கூட நாலே முக்காலுக்கு மேல் தாங்காது. வானம் மூடியிருந்தால் மூன்று மணிக்கே அந்தி வந்த மாதிரி இருக்கும்.

அதனால் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடும் முன், ஒவ்வொரு நாளையும் வெளிச்ச நேரம், இருட்டு நேரம் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதிலிருந்து மூன்றரை வரை திறந்தவெளி: பாலங்கள், ஆற்றங்கரை, புடா கோட்டைக் குன்று. அதற்குப் பிறகு கூரைக்குக் கீழே இருப்பவை: அருங்காட்சியகம், ஓபரா, வெந்நீர்க் குளியல், காபிக் கடை. இந்தப் பிரிவினையை மதித்தால் பயணத்தில் பாதித் தொல்லை தீர்ந்தது. விமானத்தையும் இதே கணக்கில் பிடியுங்கள். சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. வளைகுடா வழியாகப் போனால் நண்பகலில் இறங்கும்படி பார்த்துக்கொள்ளலாம். தெரியாத ஊரில் தங்குமிடத்தைப் பகலில் தேடுவதும் இருட்டில் தேடுவதும் ஒன்றில்லை, அதுவும் கையில் பெட்டியோடு ஒற்றை ஆளாக.

எந்த வாரம் போவது? கிறிஸ்துமஸ் சந்தைகளின் படங்களைப் பார்த்துவிட்டு டிசம்பர் கடைசி வாரத்தைக் குறிவைப்பவர்கள் அதிகம். துணையோடு போகிறவர்களுக்கு அது சரி. தனியாகப் போகிறவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 24-ஆம் தேதி கடைகள் மூடியிருக்கும், பிற்பகலிலிருந்து டிராம் பஸ் ஓட்டம் வெகுவாகக் குறையும், ஊரே தத்தம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். 24, 25, 26 மூன்றும் அரசு விடுமுறை. சந்தையின் விளக்குகள்தான் வேண்டுமென்றால் டிசம்பர் முதல் பாதி. அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை. அறை வாடகை குறையும், வரிசைகள் சுருங்கும், பகலும் மெல்ல நீளத் தொடங்கியிருக்கும்.

தங்குமிடத்துக்கு என் அளவுகோல் ஒன்றுதான்: இரவு பத்து மணிக்கு டிராமிலிருந்து இறங்கி எத்தனை நிமிடம் நடக்க வேண்டும்? ஆற்றின் பெஷ்ட் கரையில் நகரை அரைவட்டமாகச் சுற்றும் பெருஞ்சாலையில் ஓடும் 6-ஆம் எண் டிராம் விடிய விடிய ஓடுகிறது. அந்தச் சாலையை ஒட்டியோ, ஓபரா இருக்கும் ஆறாம் வட்டாரத்திலோ அறை எடுத்தால் எங்கிருந்தும் சுலபமாகத் திரும்பலாம். பழைய யூதக் குடியிருப்புப் பகுதியான ஏழாம் வட்டாரம் பகலில் நடக்க அருமையான இடம். ஆனால் இடிந்த கட்டடங்களில் உருவான மதுக்கூடங்கள் அங்கேதான் நிறைந்திருக்கின்றன. இரவுத் தூக்கம் உத்தரவாதமில்லை. விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு 100இ பஸ் இரவும் பகலும் வருகிறது. அதற்குத் தனிச் சீட்டு. சாதாரண டிக்கெட் செல்லாது. மற்ற வண்டிகளில் காகித டிக்கெட் எடுத்தால் மறக்காமல் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். பரிசோதகர்கள் சுற்றுலாப் பயணி என்று விட்டுவிடுவதில்லை.

குளிர்காலத்தில் இந்த ஊர் டிராம்கள் வெறும் வாகனம் மட்டுமில்லை, சூடான பார்வையாளர் மாடமும்கூட. பெஷ்ட் கரையோரம் ஓடும் 2-ஆம் எண் டிராமில் ஆற்றுப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் நாடாளுமன்றம், சங்கிலிப் பாலம், எதிர்க்கரையில் கோட்டை என்று வரிசையாக வரும். கோட்டைக்கு 16-ஆம் எண் பஸ்ஸில் ஏறிப் போய்விடலாம். பனி உறைந்த கல் படிகளில் ஏறி வீரம் காட்ட வேண்டாம். விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை. 1896-இல் ஓடத் தொடங்கிய சின்ன மஞ்சள் மெட்ரோவில், எங்கேயும் போக வேண்டிய அவசியம் இல்லாதபோதும் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

நாடாளுமன்றத்துக்குத் தெற்கே ஆற்றங்கரைக் கல் விளிம்பில் இரும்பில் வார்த்த காலணிகள் வரிசையாக இருக்கும். 1944-45 குளிர்காலத்தில், ஹங்கேரியின் அம்புச் சிலுவைக் கட்சிக்காரர்கள் யூதர்களை இந்தக் கரையில் நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். நினைவுச் சின்னம் 2005-இல் வைத்தது. மூன்று அடுக்குத் துணிக்குள் நின்றும் நடுங்கும்போதுதான், செருப்பில்லாமல் அங்கே நின்றவர்களின் நிலை உறைத்தது. காலையில் கூட்டம் வருமுன் போங்கள். பேச ஆள் இல்லாமல் பார்க்க வேண்டிய இடம் அது.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாக. நம் ஊரில் வாங்கும் தடித்த ஸ்வெட்டர் ஒன்று வெளியே போதாது, உள்ளே புழுங்கும். உடம்போடு ஒட்டிய தெர்மல், நடுவில் மெல்லிய கம்பளி, மேலே காற்றும் ஈரமும் புகாத கோட்: இப்படி அடுக்கினால் வேண்டும்போது கழற்றலாம். காசைச் செலவழிக்க வேண்டியது காலணியில்தான். ரப்பர் அடி, தண்ணீர் புகாத மேல், கம்பளி சாக்ஸ் நுழைய இடம். வீட்டிலேயே போட்டு நடந்து பழக்கிவிட்டுக் கொண்டுபோங்கள். தேங்காய் எண்ணெய் அங்கே கட்டியாகிவிடும். கைக்கும் உதட்டுக்கும் க்ரீம் வேண்டும். போன் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கும். மேப்பே துணை என்று நடப்பவர்கள் போனைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, பவர் பேங்க் ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலத்துக்கு வருகிறேன். தனியாகப் போகிறவர்களைக் குளிர்காலப் பயணம் சோதிக்கும் இடம் இதுதான். ஐந்து மணிக்கு நடு இரவு போல் இருக்கும். அறைக்குப் போய்க் கட்டிலில் விழுந்தால் மறுபடி எழுந்து வெளியே வர மனம் வராது. வீட்டுக்குப் பேசலாம் என்றால் அங்கே மணி ஒன்பதரை ஆகியிருக்கும். நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். ஆகவே சாயங்காலங்களை மட்டும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். பகலை எப்படி வேண்டுமானாலும் விட்டுவிடலாம்.

1884-இல் திறந்த ஓபரா மாளிகையில் மேல் மாடத்து இருக்கைகள் விலை குறைவு. மொழி புரியாவிட்டாலும் நஷ்டமில்லை. நம்மில் எத்தனை பேர் தெலுங்குக் கீர்த்தனைகளை வரிக்கு வரி புரிந்தா கேட்கிறோம்? இடைவேளையில் தனியாக நிற்பவர்கள் நிறைய இருப்பார்கள், யாரும் யாரையும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. மேலே போட்ட கோட்டை நுழைந்ததும் ஒப்படைத்துவிட வேண்டும். உள்ளே நல்லதாக ஒரு குர்தா போட்டிருந்தால் போதும்.

இன்னொரு சாயங்காலத்தை வெந்நீருக்குக் கொடுங்கள். ஓவியர் அம்ரிதா ஷேர்கில் இந்த ஊரில் பிறந்த அதே 1913-இல் திறந்தது செச்செனி குளியல் மாளிகை. பூமிக்குள்ளிருந்து 70 டிகிரிக்கு மேல் கொதித்து வரும் நீரை ஆற்றி, வெட்டவெளிக் குளங்களில் விடுகிறார்கள். தலையில் பனி விழ, கழுத்து வரை வெந்நீரில் நிற்பதற்காகவே இந்த ஊருக்குக் குளிர்காலத்தில் போகலாம் என்பது என் தீர்ப்பு. கோடையில் அதில் பாதிச் சுகம்கூட இருக்காது. நீச்சலுடை, துண்டு, ரப்பர் செருப்பு மூன்றையும் நீங்களே கொண்டுபோங்கள். உடை மாற்றும் இடத்திலிருந்து குளம் வரை ஈரக் காலோடு ஓடும் அந்தச் சில விநாடிகளுக்குச் செருப்பு இல்லாவிட்டால் தெரியும் சேதி. குளித்தபின் தலையை நன்றாக உலர்த்தி, குல்லாய் போட்டு வெளியே வாருங்கள். வார இறுதியைத் தவிருங்கள். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு ருடாஷ் குளியல் மாளிகை இருக்கிறது, துருக்கியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய குவிமாடத்தின் கீழே.

தனியாகச் சாப்பிடக் கூச்சப்படுபவர்களுக்கு மதியம்தான் வசதி. வார நாள்களில் பல உணவகங்களில் 'நொபி மெனு' என்று அன்றைய சாப்பாடு போடுவார்கள். அலுவலகத்துக்காரர்கள் ஒற்றை ஆளாக வந்து சூப்பும் ஒரு தட்டுமாகச் சாப்பிட்டுப் போவார்கள், விலையும் இரவுச் சாப்பாட்டைவிடக் குறைவு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனிக்க: புகழ்பெற்ற குலாஷ் மாட்டிறைச்சி சூப். சைவர்களுக்கு ஃபோசெலெக், அதாவது நம் கூட்டு மாதிரி கெட்டியாகக் காய்ச்சிய பட்டாணி, கீரை, பருப்பு. மேலே இறைச்சித் துண்டு வைப்பது அவர்கள் வழக்கம், வேண்டாமென்று முன்பே சொல்லிவிடுங்கள். எண்ணெயில் பொரித்த லாங்கோஷ் ரொட்டி பூண்டும் சீஸுமாக ஒரு வேளைக்குத் தாராளம். பில்லில் சர்வீஸ் கட்டணம் சேர்ந்திருக்கிறதா பாருங்கள்; இருந்தால் டிப்ஸ் தனியாகத் தேவையில்லை. அங்கே செலாவணி யூரோ அல்ல, ஃபோரிண்ட். கார்டு இயந்திரம் ரூபாயில் கழிக்கவா என்று கேட்டால் வேண்டாமென்று ஃபோரிண்டையே அழுத்துங்கள். ரூபாய் விகிதம் எப்போதும் நமக்கு நஷ்டம்.

கடைசியாக விசா. எனக்குப் பிடிக்காத வேலை என்பதால் கடைசியில் வைத்தேன், நீங்கள் முதலில் வையுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். தனியாகப் போகிறவரிடம் ஏன் போகிறாய், எப்படித் திரும்புவாய் என்ற கேள்விகள் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அலுவலக விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், நாள்வாரியான திட்டம் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். பதிவு செய்த ஓபரா டிக்கெட் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். ஜனவரியில் கிளம்ப நினைப்பவர்கள் அக்டோபரிலேயே விண்ணப்ப மையத்தில் நேரம் வாங்கிவிடுங்கள். டிசம்பரில் தேடினால் கிடைப்பது கஷ்டம்.